பூஜ்யம் பார்த்தல்

பள்ளிப்பட்டு தாண்டி நகரிக்குப் போகும் சாலையில்
அறுபது டன் எடைமேடை.
தகரப் பெட்டி போன்ற அறைக்குள் நான்.
ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தமிழ்,
அந்தப் பக்கம் தெலுங்கு,
நடுவில் ரசீது.

லாரி பாரத்தோடு ஏறும்.
மாங்காயை ஆலையில் கொட்டிவிட்டு வெறுமனே ஏறும்.
கழித்தால் வருவது நிகரம்.
பதினோரு வருஷம் கழித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த ஆனியில்
என்னை யாரோ கழிக்கத் தொடங்கினார்கள்.
வளையல் முழங்கை வரை போய் நின்றது.
ராத்திரியில் ஐந்து தடவை கொல்லைக்கு.
குடம் காலி, நாக்கு காய்ந்தபடி.
கிளிமூக்கு லோடு கொண்டுவரும் சிட்டிபாபு
ரசீதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான்:
"ஏமக்கா, இட்ல எண்டிபோயாவு?"

நகரி கிளினிக்கில் விரலைக் குத்தினார்கள்.
முந்நூற்று எண்பது.
"நாற்பது வயசு. வரவேண்டியதுதான்" என்றார் டாக்டர்.
மாத்திரை. நடை. அரிசியைக் குறை.
நடந்தேன்.
ஏரிக்கரை மூன்று சுற்று,
ஏற்கெனவே எலும்பாக இருந்தவள்.
ஒரு மாத்திரை இரண்டானது, இரண்டு நாலானது.
ஐம்பத்தெட்டு. ஐம்பத்து மூன்று. நாற்பத்தேழு.

"ஒளிச்சு மாம்பழம் தின்றீங்க" என்றார் அவர்,
சிரித்துக்கொண்டுதான்.
தணிகைவேல் வெல்ல டப்பாவைப் பரண்மேல் ஏற்றினான்.
நான் அதைத் தேடவே இல்லை என்பதற்கு
எங்கே போய் ரசீது வாங்குவது?
பாகற்காய்ச் சாறு, நாவல்கொட்டை, சிறுகுறிஞ்சான் பொடி.
ஊரெல்லாம் வைத்தியர்,
ஒரே ஒரு குற்றவாளி.

ஒருநாள் கடைசி லாரி போன பிறகு
மேடையில் தனியாக ஏறி நின்றேன்.
40 என்றது.
அதற்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.

இரண்டாவது ஆனியில் வாந்தி நிற்கவில்லை.
மூச்சு ஓடியது. மூச்சில்
ஆலைப் பின்வாசலில் ஊறும் பழத்தோல் வாடை.
சிட்டிபாபு லோடை அப்படியே நிறுத்திவிட்டு
எங்களை வேலூருக்கு ஏற்றிப் போனான்.

டாக்டர் பியூலா ஃபைலைத் திறக்கவில்லை முதலில்.
என் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்தார்.
"தைராய்டு யாருக்காவது உண்டா வீட்டில்?"
என்றோ கேட்டிருக்க வேண்டிய கேள்வி போல இருந்தது.
பிறகு ரத்தம். சி-பெப்டைட், ஆன்டிபாடி,
நகரியில் யார் வாயிலும் வராத பெயர்கள்.

ஆறாம் நாள் சொன்னார்:
"இது டைப் ஒன். பிள்ளைகளுக்குத்தான் வரும் என்று நினைப்போம்.
பெரியவர்களுக்கும் வரும், மெதுவாக, வேஷம் போட்டு.
உங்கள் உடம்பில் இன்சுலின் இல்லை, கிட்டத்தட்ட.
நீங்கள் தின்று வந்ததில்லை."

கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.
தணிகைவேல் தரையைப் பார்த்தான்.

தினமும் காலையில் முதல் லாரிக்கு முன்
மேடையைக் கூட்டுவேன், சேற்றைச் சுரண்டுவேன்,
விளக்கில் பூஜ்யம் நிற்கிறதா பார்ப்பேன்.
பூஜ்யம் தப்பென்றால்
அன்றைக்குப் போட்ட எடையெல்லாம் தப்பு,
போட்டவள் எவ்வளவு யோக்கியமானாலும்.
என்னை நிறுத்தவர்
அதைப் பார்க்கவே இல்லை.

இப்போது நாளுக்கு நாலு ஊசி.
ஆபீஸ் ஃபிரிட்ஜில் மோர் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் மருந்து.
முதலாளி ரெட்டியப்பா திறக்கும்போதெல்லாம்
பாம்பைக் கண்டவர் போல மூடுகிறார்.
இரண்டு இட்லிக்கு இத்தனை யூனிட், மூன்றுக்கு இத்தனை.
கணக்கு எனக்குப் புதிதா என்ன?

தப்பவும் செய்கிறது.
போன வாரம் கை நடுங்கி
எட்டும் மூன்றும் ஒன்றாகத் தெரிந்தன.
சிட்டிபாபு கேட்கவில்லை,
லோடிலிருந்து ஒரு பழத்தை உருவிப் பிளந்து
என் வாயில் வைத்தான்.
இரண்டு வருஷம் கழித்து மாம்பழம்,
மருந்தாக.
தாடையெல்லாம் வழிந்தது.
நிகரத்தில் ஒரு பழம் குறைந்ததை
நான் எழுதவில்லை.

நேற்று ராத்திரி மறுபடி ஏறினேன்.
50.
ஆஸ்பத்திரித் தராசில் நாற்பத்தாறுதான்.
மிச்சம் நாலு கிலோ
மேடை போட்ட கொசுறு.
வாங்கிக்கொண்டேன்.